சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கேப்டன் ஒரு டாக்டர்: அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

கோலார் தங்கவயலில் வயசானவர்கள் யாரிடமாவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சுரங்கத்துக்கு அடுத்தபடி இரண்டு விஷயம் கண்டிப்பாக வரும். ஒன்று கம்பெனி ஆஸ்பத்திரி, இன்னொன்று மைதானம். லைன் வீடுகளில் வளர்ந்த பையன்களுக்குப் பந்தும் ஹாக்கி மட்டையும்தான் சாயங்காலம். அப்பாக்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் போகிற இடம் சாம்பியன் ரீஃப் ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சின்னது என்று சொல்கிறேன், ஆனால் உலகம் பூராவும் அதற்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அதே கம்பெனியின் தொழிலாளி. அவர் நாளைக்குச் சுரங்கத்தில் இறங்கலாமா, நுரையீரலில் தூசி எவ்வளவு ஏறியிருக்கிறது, நஷ்டஈடு கிடைக்குமா என்பதெல்லாம் அந்த டாக்டர் எழுதும் காகிதத்தைப் பொறுத்தது. அப்படியென்றால் டாக்டர் யாருடைய ஆள்?

இதே கேள்வியை ஒரு கிரிக்கெட் அணியிலோ கால்பந்து கிளப்பிலோ வைத்துப் பாருங்கள். அணி டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. அவர் முன்னால் படுத்திருப்பது அணி விலைகொடுத்து வாங்கிய ஆட்டக்காரர். நாளைக்கு ஆடலாமா என்று முடிவு செய்வது டாக்டர். சுரங்கமும் ஸ்டேடியமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரிதான்.

விளையாட்டில் டாக்டர்களுக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, நான் திரும்பத் திரும்ப ஒரே மனிதரிடம் வந்து நின்றேன். அவர் தங்கவயல்காரர் இல்லை, தமிழரும் இல்லை. ஆனால் அவர் தலைமையில் ஆடிய அணியில் நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன், டாக்டர் தாலிமெரென் ஆவ். சுருக்கமாக டி. ஆவ்.

நாகா மலையிலிருந்து ஒரு சத்தியம்

1918 ஜனவரி 28 அன்று, இன்றைய நாகாலாந்தின் மொகொக்சுங் பகுதியில் உள்ள சாங்கி என்ற கிராமத்தில் ஆவ் பிறந்தார். அப்பா கிறிஸ்தவப் போதகர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. குடும்பம் பிறகு இம்பூர் மிஷன் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பந்தில் அவர் உதைக்கக் கற்றுக்கொண்டார்.

1935ல் அப்பா டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். டைபாய்டுக்கு அந்தக் காலத்தில் ஆன்டிபயாட்டிக் கிடையாது. காய்ச்சல் தானாக இறங்க வேண்டும், இல்லையென்றால் ஆள் போக வேண்டும். பையன் டாக்டராகித் தன் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கு அப்போது பதினேழு வயசு. இந்த ஆசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வருஷம் கழித்து லண்டனில் இதற்கு வேலை வரும்.

ஜோர்ஹாட்டில் பள்ளி, பிறகு குவாஹாத்தி காட்டன் கல்லூரி. அங்கே ஓட்டம், தாண்டுதல் எல்லாவற்றிலும் பரிசு வாங்கினார். கால்பந்தில் குவாஹாத்தியின் மகாராணா கிளப். முன்வரிசையில் கோல் போடுகிறவராகத் தொடங்கி, பின்னால் தடுப்பாட்டத்துக்கு மாறினார். கிட்டத்தட்ட ஐந்தடி பத்து அங்குல உயரம், நல்ல கட்டு. தலைக்கு மேலே வரும் பந்தில் அவரைத் தாண்டுவது கஷ்டம்.

1942ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1948ல் அந்தக் கல்லூரிக்கு ஆர்.ஜி.கர் என்று பெயர் மாறியது. ஆக, ஒரு பெயரில் உள்ள கல்லூரியில் சேர்ந்து இன்னொரு பெயரில் உள்ள கல்லூரியிலிருந்து வெளியே வந்தவர் அவர். 1943ல் மோகன் பகான் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. கொஞ்ச நாளில் கேப்டனும் ஆக்கியது.

அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். உலகப் போர் நடக்கிறது. 1943ல் வங்காளப் பஞ்சம். 1946ல் கல்கத்தா கலவரம். காலையில் உடற்கூறு வகுப்பு, வார்டு. சாயங்காலம் மைதானத்தில் பயிற்சி. சாதாரணமாக ஐந்தாறு வருஷத்தில் முடிகிற படிப்பு அவருக்கு 1950 வரை இழுத்தது. பலரும் இதை ஒரு குறை மாதிரி கடந்து போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதுதான் அவர் விளையாட்டுக்குக் கொடுத்த விலை. இந்த விலையை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஏனென்றால் அன்றைய கல்கத்தா கால்பந்து, காகிதத்தில் அமெச்சூர் ஆட்டம். ஆட்டத்துக்குச் சம்பளம் என்று வெளிப்படையாக வாங்கக் கூடாது. ஒலிம்பிக்கில் விதி இன்னும் கடுமை. பணத்துக்கு ஆடியவர் என்று தெரிந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

லண்டன், 1948 ஜூலை

இந்த மாதத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். டாக்டர்களுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கதையில் இது ஒரு வினோதமான மாதம்.

ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியது. அதாவது என்.எச்.எஸ். அதுவரை டாக்டரைப் பார்க்க நோயாளி காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது காப்பீட்டில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து வரிப்பணத்தில் அரசு கொடுக்கும். நோயாளி கையிலிருந்து எதுவும் இல்லை. டாக்டர்கள் சங்கம் கடைசி வரை முரண்டு பிடித்தது. பெரிய ஸ்பெஷலிஸ்டுகள் தனியாகவும் பிராக்டிஸ் செய்துகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்த பிறகுதான் விஷயம் நடந்தது.

இருபத்து நாலு நாள் கழித்து, ஜூலை 29. வெம்ப்ளியில் ஒலிம்பிக் தொடக்க விழா. சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் கோடைக்கால ஒலிம்பிக். மூவர்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் இன்னும் டாக்டர் பட்டம் வாங்காத மருத்துவ மாணவர் ஆவ்.

அதே நாள், லண்டனுக்கு வெளியே ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியின் புல்வெளியில் இன்னொரு போட்டி நடந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு முன்னாள் படைவீரர்கள் வில்வித்தையில் மோதினார்கள். ஏற்பாடு செய்தவர் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் லூட்விக் குட்மன், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். அந்தச் சின்னப் போட்டிதான் வளர்ந்து இன்றைய பாராலிம்பிக் ஆனது. நோயாளிகளை விளையாட்டுக்காரர்களாக்கிய அந்த டாக்டர் வாழ்ந்தது ஆஸ்பத்திரிச் சம்பளத்தில்.

சரி, கால்பந்துக்கு வருவோம். ஜூலை 31, இல்ஃபோர்டு மைதானம், எதிரணி பிரான்ஸ். நம்ம அணியில் பெரும்பாலானவர்களுக்குக் காலில் பூட்ஸ் கிடையாது. கணுக்காலில் கட்டு, மற்றபடி வெறுங்கால். அன்றைய மைசூர் மாநிலக் கால்பந்தில் வளர்ந்தவர்கள் அணியில் கணிசமாக இருந்தார்கள். அகமது கான், தன்ராஜ், வஜ்ரவேலு, சாரங்கபாணி ராமன். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முந்தைய சீசனில், 1946-47ல், வங்காளத்தைத் தோற்கடித்துச் சந்தோஷ் கோப்பையை எடுத்தது மைசூர்தான். தங்கவயலும் அப்போது அதே மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது.

பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் ராமன் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் வீண். ஆட்டம் முடிகிற நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது.

இங்கே டாக்டர் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காயம் பட்டவருக்குப் பதில் இன்னொருவரை இறக்குவது அப்போது போட்டிக் கால்பந்தில் வழக்கமே இல்லை. அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், இல்லையென்றால் அணி பத்துப் பேரோடு நிற்கும். இப்படி ஒரு விதி இருக்கும்போது, வெளியே வா என்று சொல்லும் டாக்டர் தன் அணியையே தோற்கடிக்கிறவர் ஆகிறார். சொல்லாமல் விட்டால் ஆட்டக்காரரின் காலை விடுகிறார். எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் இந்த இக்கட்டு தீராது. விதி மாறினால்தான் தீரும். வெறுங்கால் விஷயமும் அப்படித்தான். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று சங்கம் முடிவெடுத்தது.

ஆர்சனலும் அப்பாவும்

லண்டன் ஆட்டத்துக்குப் பிறகு ஆர்சனல் கிளப் ஆவுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் தர முன்வந்தது என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வார்கள். நாகாலாந்தில் இந்தக் கதை தெரியாத ஆள் இல்லை.

நம்மில் பலருக்கு இதைக் கேட்டதும் வயிறு எரியும். ஆர்சனலாச்சே! ஆனால் அன்றைய கணக்கைப் போட்டுப் பார்த்தால் முடிவு அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. இங்கிலாந்தில் அப்போது ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பு 1961ல்தான் நீங்கியது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதற்கு மேல் கிளப் கொடுக்க முடியாது. அவருக்கு முப்பது வயசு. தடுப்பாட்டக்காரராக அதிகபட்சம் நாலைந்து வருஷம். டாக்டர் படிப்பு முடிய இரண்டு வருஷம் பாக்கி. ஒரு வருஷம் ஆடிவிட்டு வந்தால் படிப்பு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு வேறு.

அவர் திரும்பி வந்தார். 1950ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அவ்வளவுதான்.

இன்னொரு டாக்டர், இன்னொரு வழி

ஆவ் எதை வேண்டாம் என்றார் என்பது புரிய வேண்டுமானால், அவருக்கு முன்னால் வாழ்ந்த இன்னொரு டாக்டர்-ஆட்டக்காரரைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டின் தாடிக்காரத் தாத்தா, டபிள்யூ.ஜி.கிரேஸ். 1848ல் பிரிஸ்டல் பக்கத்தில் ஒரு டாக்டர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டாக்டர், அண்ணன்கள் டாக்டர்கள். இவரும் 1868ல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, கிரிக்கெட்டுக்கு நடுவே படித்து, 1879ல்தான் தேறினார். பதினோரு வருஷம்! ஆவ் பரவாயில்லை.

கிரேஸும் அமெச்சூர்தான், காகிதத்தில். ஆனால் எண்களைப் பாருங்கள். 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 170 பவுண்டு. அமெச்சூர் கிரேஸுக்கு 1,500 பவுண்டு, செலவு தனி. அதாவது பணத்துக்கு ஆடுகிறவரைப் போலக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு, பணத்துக்கு ஆடாதவருக்கு.

1879ல் அவர் டாக்டர் ஆனதும், மருத்துவப் பிராக்டிஸ் ஒன்றை வாங்குவதற்காகக் கிரிக்கெட் ரசிகர்களிடம் வசூல் செய்து 1,458 பவுண்டு கொடுத்தார்கள். 1891-92ல் ஷெஃபீல்டு பிரபு ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனபோது 3,000 பவுண்டு. கூடவே குடும்பச் செலவு. அதற்கும் மேலே, கிரேஸ் ஊரில் இல்லாத நாட்களில் அவர் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று டாக்டரை வைக்கும் செலவு.

இந்த மாற்று டாக்டர் செலவைத்தான் நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகான ஏற்பாடு இது. ஆட்டத்துக்குக் கூலி கொடுத்தால் அமெச்சூர் அந்தஸ்து போய்விடும். ஆனால் டாக்டர் தொழிலில் ஏற்படும் நஷ்டத்தை ஈடு கட்டினால் அது கூலி இல்லை, வெறும் செலவு. டாக்டர் பட்டம் அவருக்குப் பணம் வரும் கதவாக இருந்தது. ஆவுக்கு அதே பட்டம் விளையாட்டுப் பணத்தை மூடும் கதவானது.

கிரேஸை வில்லன் ஆக்கிவிட வேண்டாம். 1887ல் மான்செஸ்டரில் ஒரு ஆட்டத்தில், பந்தைத் துரத்திப் போன குரூம் என்ற சக ஆட்டக்காரர் எல்லைக் கம்பி வேலியில் விழுந்து கழுத்தைக் கிழித்துக்கொண்டார். தையல் போட ஊசி வரும் வரை, ஏறக்குறைய அரை மணி நேரம், காயத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தவர் கிரேஸ். குரூம் பிழைத்தார். பிரிஸ்டலில் ஏழை நோயாளிகளிடம் அவர் நல்ல பெயர் எடுத்ததும் உண்மை.

தங்கவயலில் அதே சமயம்

1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது முதல் தங்கவயலில் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. தொழிலாளிகளில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து போன தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வேலை. மேலே பாறை வெடித்துச் சரியும். அதிலிருந்து தப்பினாலும் நுரையீரலுக்குள் போகும் கல்தூசி விடாது. சிலிகோசிஸ்.

1940ல் மைசூர் அரசு சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. அதன்பிறகு ஒரு எக்ஸ்ரே படத்தை டாக்டர் எப்படிப் படிக்கிறார் என்பதில் ஒரு குடும்பத்தின் நஷ்டஈடு தொங்கியது. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய முதல் பெரிய ஆய்வு வந்ததும் இங்கிருந்துதான். 1947ல் வெளியானது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளிகளைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய். அந்த ஆய்வில் முக்கியமானவர் ஆண்டனி கேப்லன், தங்கவயல் ஆஸ்பத்திரியின் டாக்டர். பிறகு பிரிட்டன் திரும்பி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் அவர் கண்டுபிடித்த நோய்க்குக் கேப்லன் சிண்ட்ரோம் என்று பெயர். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

கவனியுங்கள், கேப்லன் கம்பெனிப் பணத்தில் வேலை பார்த்தவர். அதே கம்பெனியின் சுரங்கம் மனிதர்களை என்ன செய்கிறது என்று எண்ணிச் சொன்னதும் அவர்தான். அதனால் சம்பளம் கொடுப்பவர் பக்கம்தான் டாக்டர் சாய்வார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. சாயாமல் இருப்பது ஒரு தனிமனிதரின் நேர்மையை மட்டும் நம்பி இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இன்னொரு விஷயம். 1948 ஏப்ரலில் இந்தியா ஈ.எஸ்.ஐ. சட்டத்தை நிறைவேற்றியது. முதலாளியும் தொழிலாளியும் பங்கு போட்டு, ஆஸ்பத்திரியை முதலாளியின் கையிலிருந்து வெளியே எடுத்து, ஒரு பொதுக் கழகத்திடம் கொடுக்கும் ஏற்பாடு. ஆனால் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் சுரங்கங்கள் வராது. தங்கவயல் அப்படியே கம்பெனி ஆஸ்பத்திரியோடு நின்றது. 1956ல் மாநில அரசு சுரங்கத்தை எடுத்தபோதும், 1972ல் அது பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனபோதும் முதலாளியின் பெயர்தான் மாறியது, சம்பளம் வரும் திசை மாறவில்லை.

இன்றைக்கு விளையாட்டு டாக்டருக்குப் பணம் எப்படி வருகிறது?

பெரிய அணிகளில் டாக்டரும் பிசியோவும் அணியின் ஊழியர்கள். மாதச் சம்பளம், இல்லையென்றால் தொடருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். ஐ.பி.எல். மாதிரி இரண்டு மாதப் போட்டியில் ஒப்பந்தமும் அந்த சீசனோடு முடிந்துவிடும். அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா என்பது அணி நிர்வாகத்தின் கையில்.

டென்னிஸ், பேட்மின்டன், தடகளம் போன்றவற்றில் ஆட்டக்காரரே தன் கையிலிருந்து பிசியோவுக்குக் கொடுப்பார். ஜெயித்தால் சமாளிக்கலாம். முதல் சுற்றில் தோற்றால் பிசியோவின் ஃபிளைட் டிக்கெட்டே பாரம். நம் நாட்டில் 2014ல் தொடங்கிய ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் தேர்வான சிலருக்கு இந்தச் செலவை அரசு ஏற்கிறது. தேர்வாகாதவர்கள் பாடு பழையபடிதான்.

ஒலிம்பிக் கிராமத்து மருத்துவமனையில் நீங்கள் பார்க்கும் டாக்டர்களில் பலர் தன்னார்வலர்கள். சம்பளமே கிடையாது. சீருடை, சாப்பாடு, அனுபவம்.

அமெரிக்காவில் நடப்பதுதான் தலைகீழ். அங்கே சில ஆஸ்பத்திரிகள் அணிக்குப் பணம் கொடுக்கின்றன! இந்த அணியின் அதிகாரபூர்வ ஆஸ்பத்திரி நாங்கள்தான் என்று விளம்பரம் செய்துகொள்ளும் உரிமைக்காக. முழங்கால் ஆபரேஷனுக்கு வரும் சாதாரண நோயாளி, ஸ்டார் ஆட்டக்காரருக்குப் பார்க்கும் டாக்டர் எனக்கும் பார்க்கட்டும் என்று அங்கே போவார் அல்லவா? அந்த வருமானத்தில் இந்தச் செலவு சரியாகிவிடும். ஆனால் ஏலத்தில் ஜெயித்த டாக்டர்தான் சிறந்த டாக்டரா என்று அங்கே ஆட்டக்காரர் சங்கங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நியாயமான கேள்விதான்.

அணிச் சம்பளத்தில் இருப்பது என்றால் என்ன என்பதற்கு 2015 ஆகஸ்ட் 8 நல்ல உதாரணம். செல்சீ அணிக்கும் ஸ்வான்சீ அணிக்கும் ஆட்டம். கடைசி நிமிஷங்கள், 2-2. செல்சீயில் ஒருத்தர் ஏற்கனவே சிவப்பு அட்டை வாங்கி வெளியே. ஈடன் ஹசார்டு கீழே விழுகிறார். நடுவர் கூப்பிட, அணி டாக்டர் ஈவா கார்னேரோ ஓடுகிறார். விதிப்படி, மைதானத்துக்குள் சிகிச்சை பெற்றவர் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். அணி ஒன்பது பேரானது. மேனேஜர் மூரின்யோ வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். டாக்டரை முதல் அணியின் பொறுப்பிலிருந்து நகர்த்தினார்கள். அவர் வேலையை விட்டார், வழக்குப் போட்டார். 2016 ஜூனில் சமரசம். கிளப் மன்னிப்புக் கேட்டது.

நடுவர் கூப்பிட்டார், டாக்டர் போனார், அவ்வளவுதான் நடந்தது. 1948ல் வெளியே வா என்று சொன்னால் அணி பத்துப் பேரோடு நிற்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே கணக்கு அறுபத்தேழு வருஷம் கழித்து ஒரு டாக்டரின் வேலையைக் காலி செய்தது.

கிரிக்கெட் இதில் ஒரு அடி முன்னே போயிருக்கிறது என்று சொல்லலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று 2019 ஆகஸ்டில் விதி வந்தது. கேட்பது அணியின் டாக்டர், அனுமதி கொடுப்பது அணிச் சம்பளம் வாங்காத மேட்ச் ரெஃப்ரி. டாக்டர் உண்மையைச் சொன்னால் அணிக்கு ஒரு ஆள் குறையாது. சம்பளம் பழைய இடத்திலிருந்தே வரட்டும், உண்மை சொல்வதற்கான தண்டனையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கொஹிமா

ஆவின் கதைக்குத் திரும்பலாம். அவர் நினைத்திருந்தால் கல்கத்தாவில் தங்கியிருக்கலாம். மோகன் பகான் முன்னாள் கேப்டன், ஒலிம்பிக் கேப்டன், டாக்டர். கிளினிக் வாசலில் அந்தப் பலகை மாட்டினால் போதும், கூட்டம் வந்திருக்கும். இன்றைய அமெரிக்க ஆஸ்பத்திரிகள் காசு கொடுத்து வாங்கும் விளம்பரம் அவருக்கு இலவசமாகவே இருந்தது.

அவர் அசாமுக்குப் போனார். திப்ருகர் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கொஞ்ச காலம். 1953ல் கொஹிமா அரசு மருத்துவமனையில் உதவி சிவில் சர்ஜன். அரசுச் சம்பளம். நாகா மலைகளில் ஆயுத மோதல் தொடங்கி, ராணுவம் குவிந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. 1958ல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம். 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலம். இந்தக் காலம் முழுக்க அங்கே ஒரு அரசு டாக்டராக இருப்பது என்றால், கதவைத் தட்டுபவர் எந்தத் தரப்பு என்று கேட்காமல் திறப்பது. அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த அரசோடு மோதிக்கொண்டிருந்த ஊர்க்காரர்களுக்கு வைத்தியம். சாம்பியன் ரீஃப் ஆஸ்பத்திரியின் அதே சிக்கல்தான், ஆனால் இன்னும் கூர்மையாக.

1978ல் நாகாலாந்து சுகாதாரத் துறையின் இயக்குநராக ஓய்வு பெற்றார். இருபத்தைந்து வருஷ அரசுப் பணி. கால்பந்தில் ஆடியது அதில் பாதிகூட இல்லை. எந்த அணிக்கும் அவர் டாக்டராக இருந்து சம்பளம் வாங்கவில்லை, எந்த அணியிடமும் ஆட்டத்துக்குக் கூலியும் வாங்கவில்லை.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கம்பெனி போனதும் கம்பெனி ஆஸ்பத்திரிக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லாமல் போனது. சயனைடு மண்மேடுகளில் காற்றடிக்கும்போது தூசி மட்டும் லைன் வீடுகளுக்குள் இன்னும் வருகிறது. வேலைக்கென்று ரயில் ஏறுகிற தங்கவயல் பிள்ளைகளில் பிசியோதெரபி படித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆவ் அதற்கு முன்பே, 1998 செப்டம்பர் 13 அன்று, எண்பது வயசில் காலமானார். வடகிழக்கு மாநிலங்கள் மோதும் டாக்டர் டி. ஆவ் கோப்பைக் கால்பந்து 2009ல் அவர் பெயரில் தொடங்கியது. அந்தப் போட்டியில் அடிபட்டு விழும் பையன்களுக்கு இப்போது பதில் ஆள் இறங்கலாம். எல்லோர் காலிலும் பூட்ஸ் இருக்கிறது.